கம்ப்யூட்டருக்குத் தெரியாத மூன்றாவது அலமாரி: எல்லையோர நூலகங்கள் எப்படி மாறுகின்றன

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். பேச்சும் அப்படித்தான். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பிள்ளைகளின் பள்ளிப் பையில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் நூலகத்தை நூலகம் என்று சொல்கிறவர்கள் குறைவு. வாயனசாலை என்றுதான் சொல்வோம். சாயங்காலம் திறக்கும். வாசலில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள், உள்ளே ஒரு கேரம் போர்டு, சுவரோரம் இரும்பு அலமாரிகள்.

போன வருடம் இப்படி ஒரு வாயனசாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கல்லூரி நாட்களில் அங்கேயே எடுத்துப் படித்த ஒரு பழைய தமிழ் நாவல் மறுபடியும் தேவைப்பட்டது. மேஜைமேல் புதுக் கம்ப்யூட்டர். "எல்லாம் ஏத்தியாச்சு, நீங்களே தேடிப் பாருங்க" என்றார் லைப்ரேரியன் சேச்சி, கொஞ்சம் பெருமையோடுதான். தமிழில் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன், அதற்கும் இல்லை. ஆசிரியர் பெயரைப் போட்டேன், அவரும் இல்லை. சரி, யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது என்று எழுந்துவிட்டேன். சேச்சி ஒன்றும் பேசாமல் போய் மூன்றாவது அலமாரியைத் திறந்தார். பி.எஸ்.சி என்கிற அரசு வேலைப் பரீட்சைக் கைடுகளுக்குப் பின்னால் கையை விட்டு அதே புத்தகத்தை எடுத்து வந்தார். "கம்ப்யூட்டர்ல இல்லேன்னா இல்லேன்னு அர்த்தமில்ல அண்ணா."

அந்தப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருக்கத்தான் செய்தது. அக்செஷன் நம்பரை, அதாவது நூலகம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் போடுகிற வரிசை எண்ணை, வைத்துத் தேடியதும் வந்தது. தமிழ்த் தலைப்பை மலையாள எழுத்தில் ஏற்றியிருந்தார்கள். மொழி என்கிற கட்டத்தில் மலையாளம். ஆசிரியர் பெயரில் முதலெழுத்து பின்னால் போய், பெயர் பாதியாக உடைந்திருந்தது. தமிழில் தேடுகிற ஒருவர் கண்ணில் அது ஆயுசுக்கும் படாது.

நூலகம் டிஜிட்டல் ஆகிறது என்றாலே புத்தகத்தை ஸ்கேன் செய்வது, செல்போனில் படிப்பது என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் அப்புறம். முதலில் மாறுவது புத்தகப் பட்டியல். பட்டியல் தாளிலிருந்து திரைக்குப் போகும்போது என்ன விடுபடுகிறது, யாருடைய மொழி விடுபடுகிறது என்பதுதான் எல்லையில் இருக்கிற எங்களுக்கு முதல் கேள்வி.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூலகம் பிறந்த விதமே வேறு. தமிழ்நாட்டில் நூலகத்தைக் கொண்டுவந்தது சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். அவர் விடாமல் பேசியதன் பலனாக 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருவது அந்தச் சட்டத்தால்தான். இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று படிப்படியாக இறங்கி 4,500-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் ஒரே துறை. புத்தகம் வாங்கும் முடிவும் கம்ப்யூட்டர் வாங்கும் முடிவும் மேலே இருந்து வரும்.

கேரளத்தில் சங்கம்தான் முதலில், சட்டம் பின்னால். 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் சேர்ந்து திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை ஆரம்பித்தன. முன்னால் நின்றவர் பி.என்.பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர். 'வாயிச்சு வளருக' என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். வாசித்து வளர வேண்டும் என்று அர்த்தம். 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது சங்கத்துக்குக் கிடைத்தது. பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று காலமானார், அந்த நாளைத்தான் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. சட்டம் 1989-ல்தான் வந்தது. இங்கேயும் கட்டிட வரியோடு நூலக வரி உண்டு, ரூபாய்க்கு ஐந்து பைசா. ஆனால் வாயனசாலை அரசு ஆபீஸ் கிடையாது. ஊர்க்காரர்கள் மெம்பர்கள், அவர்கள் தேர்ந்தெடுக்கிற கமிட்டி நடத்துகிறது, ஸ்டேட் லைப்ரரி கவுன்சில் கிரேடு போட்டு கிராண்ட் கொடுக்கிறது. இப்படி எட்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. லைப்ரேரியனுக்கு மாதம் கிடைப்பதைச் சம்பளம் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

டிஜிட்டல் மாற்றம் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் அது பெரிய கட்டிடமாக வருகிறது. 2010-ல் சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். பார்வையற்றோர் பிரிவு, பிள்ளைகளுக்குத் தனித் தளம், கம்ப்யூட்டர் வரிசை என்று எல்லாம் அங்கே இருக்கும். பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு கிராமத்து நூலகத்துக்கு அது எப்போது இறங்கி வரும் என்பது வேறு விஷயம். கேரளத்தில் அது சில்லறையாக வருகிறது. ஒரு கமிட்டி ஒரு கம்ப்யூட்டர் வாங்கும், எம்.எல்.ஏ நிதியில் ஒரு புரொஜெக்டர் வரும், கல்லூரிப் பையன் ஒருவன் லீவில் வந்து சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பான். 2023-ல் கே-ஃபோன் என்ற அரசு இணையமும் தொடங்கிவிட்டது. எங்கள் கமிட்டி முறையில் உற்சாகம் அதிகம், ஒழுங்கு குறைவு. தமிழ்ப் புத்தகங்கள் இருக்கிற மூன்றாவது அலமாரி பட்டியலில் காணாமல் போனது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நடந்தது இதுதான். கையால் எழுதிய ஸ்டாக் ரிஜிஸ்டரில் தமிழ்ப் புத்தகம் தமிழில்தான் எழுதப்பட்டிருந்தது. எந்தக் காலத்து லைப்ரேரியனோ, அழகான கையெழுத்து. கம்ப்யூட்டரில் ஏற்ற வந்தவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் திணறுவார், தட்டச்சு தெரியாது. யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு மலையாளத்தில் தட்டியிருக்கிறார். பல இடங்களில் இந்த வேலைக்குப் புத்தகத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நின்று யோசித்தால் நஷ்டம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாஃப்ட்வேர் மேலும் குற்றமில்லை. உலகம் முழுவதும் நூலகங்களில் ஓடுகிற 'கோஹா' ஒரு கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக 1999-ல் எழுத ஆரம்பித்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. காசு கொடுக்க வேண்டாம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு என்பதால் தமிழ், மலையாளம் இரண்டையும் ஒரே பட்டியலில் தாங்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மொழியைச் சொல்ல மூன்றெழுத்துக் குறி உண்டு. தமிழுக்கு டி-ஏ-எம், மலையாளத்துக்கு எம்-ஏ-எல். ஒரு தலைப்பை இரண்டு எழுத்துமுறையில் இணைத்து வைக்கவும் நூலகப் பதிவு முறையில் தனிக் கட்டம் இருக்கிறது, 880 என்று எண். வசதி எல்லாம் இருக்கிறது. ஆனால் படிவத்தை முதலில் அமைக்கிறவர் மொழிக் கட்டத்தில் மலையாளத்தை நிரந்தரமாகப் போட்டு வைத்துவிட்டால், அடுத்து ஏறுகிற அத்தனை தமிழ்ப் புத்தகமும் மலையாளப் புத்தகம்தான்.

மலையாள எழுத்தில் தமிழை எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு 'க' இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு. எழுதுகிறவர் காதுக்கு எது விழுகிறதோ அதைப் போடுவார். அந்தப் பக்கம் 'ந'வுக்கும் 'ன'வுக்கும் ஒரே எழுத்துதான், அந்த வித்தியாசம் போயே போச்சு. ஜெயகாந்தன் மலையாளத்தில் 'ஜயகாந்தன்'. இங்கிலீஷில் எழுதினால் இன்னும் மோசம்: 'த'வுக்கு நான்கு வழி, 'ழ'வுக்கு ஆளுக்கு ஒரு வழி. ஒரே எழுத்தாளர் ஒரே பட்டியலில் மூன்று ஆட்களாகப் பிரிந்து உட்கார்ந்திருப்பார்.

சரி, தமிழிலேயே தட்டிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள். ஔ என்பது யூனிகோடில் ஒரே எழுத்து. ஆனால் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டால் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்படித் தட்டியவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. தமிழ் எண் ஏழும் (௭) எகரமும் இதே கதை. யூனிகோடுக்கு முன்னால் வந்த எழுத்துருக்களில் ஏற்றிய பழைய பட்டியலாக இருந்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தலைப்பு முழுக்க கேள்விக்குறியும் இங்கிலீஷ் கிறுக்கலுமாகத் தெரியும். தமிழ் ஒரே குறியீட்டில் இல்லாமல் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்த பத்துப் பதினைந்து வருடங்களின் கடன் அது. இன்னும் தீரவில்லை.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது ரங்கநாதனின் மூன்றாவது விதி. தேடினால் வராத புத்தகத்துக்கு வாசகர் எங்கிருந்து வருவார்? வருடத்தில் ஒருமுறை கூட யாரும் எடுக்கவில்லை என்று கம்ப்யூட்டர் கணக்கு காட்டும். இடம் பற்றாத வாயனசாலையில் அடுத்த கமிட்டி அந்தக் கணக்கை வைத்துத்தான் எதைக் கழிப்பது என்று முடிவு செய்யும். கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதிப் போட 1969-லேயே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஒரு அலமாரியைத் திருத்த அந்தச் சட்டம் வராது, நாங்கள்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். இதில் தமிழ் உண்மையிலேயே முன்னால் போன மொழி. சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து தன்னார்வலர்கள் பழைய நூல்களைக் கையால் தட்டிப் போட்டார்கள். கூலி கிடையாது. 2001-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், பெரிய மின்னூலகமே வைத்திருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கிருந்து விக்கிப்பீடியா குடும்பத்து இணைய நூலகமான விக்கிமூலத்துக்கும் போயின. 2005-ல் தொடங்கிய நூலகம் அமைப்பு ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. ஒரே ஒரு பிரதி ஒரே ஒரு கட்டிடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்தது ஒன்று, எழுத்தாக மாற்றியது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஸ்கேன் என்பது பக்கத்தின் போட்டோ. அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் சேர்ந்து பெரிதாகும், குரலில் படித்துக் காட்டாது. போட்டோவிலிருந்து எழுத்தை இறக்குகிற ஓ.சி.ஆர் வேலையில் தமிழுக்கு நல்ல கருவிகள் வந்துவிட்டன, புது அச்சு என்றால் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறது. பழைய புத்தகம் வந்தால்தான் தடுமாற்றம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரைக்கும் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருந்தன. றா, னா, ணா மூன்றும் சுழித்த வடிவம். புது எழுத்தில் மட்டும் பழகிய மென்பொருள் அதைப் பார்த்து எதையாவது போட்டு வைக்கும். கால் போட வேண்டிய இடத்தில் 'ர' விழுவது தினப்படி விஷயம். ஆக, கடைசியில் ஒரு ஆள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துத்தான் தீர வேண்டும். விக்கிமூலத்தில் நடப்பது அதுதான்.

எழுத்தாக மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதை எங்கள் ஊரில்தான் நன்றாகப் பார்க்கலாம். இங்கே தமிழ் பேசும், தமிழில் சண்டை போடும், தமிழ்ப் படம் பார்க்கும், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை வந்துவிட்டது. மலையாள மீடியத்திலோ இங்கிலீஷ் மீடியத்திலோ படித்த பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ்ப் புத்தகத்தின் போட்டோவைக் கொடுத்துப் பலனில்லை. எழுத்தாக இருந்தால் கதை வேறு. வினோத் ராஜன் உருவாக்கிய அக்ஷரமுகம் என்ற கருவி ஒரு மொழியின் எழுத்தை இன்னொன்றின் எழுத்தாக மாற்றும். மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு பாடலை எடுத்து அதில் போட்டேன். அடுத்த நொடி அதே தமிழ், மலையாள எழுத்தில். எதிர் வீட்டுப் பிளஸ் டூ பெண் கடகடவென்று வாசித்தாள். வாசித்துவிட்டு, "இது நம்ம தமிழா மாமா? நம்ம பாட்டி பேசற மாதிரி இருக்கு" என்றாள். தமிழைத் தமிழ் எழுத்தில்தான் படிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கும் சண்டையில்லை. ஆனால் ஒன்றுமே படிக்காமல் இருப்பதை விட இது மேல்.

எல்லையோர ஊர்களின் பழைய ஏடுகளைப் பற்றி இன்னொரு சங்கதி. கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கங்கள் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ராஜ்யத்தோடு இருந்தவை. அதனால் அந்த ஊர்களின் பழைய சரித்திரத்தில் ஒரு பங்கு திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய பதிவுகளான மதிலகம் ஏடுகள் அங்கே ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டால் நாகர்கோவில்காரர் பஸ் ஏற வேண்டாம். வாஸ்தவம். ஆனால் அவற்றில் வருகிற வட்டெழுத்து, மலையாண்மை என்கிற பழைய எழுத்துமுறைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்? படம் பத்திரமாக இருக்கும், படிக்கிற ஆள் இருக்க மாட்டார். ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், ஏடு படிக்க ஆள் பழக்கவும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

சட்டம் பற்றி ஓரிரு வார்த்தை. வாயனசாலைக் கமிட்டிகளில் இப்போதெல்லாம் "எல்லாப் புத்தகத்தையும் பி.டி.எஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். போடக்கூடாது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து அறுபது வருடம் வரைக்கும் காப்புரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கிற புத்தகத்தைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலில் சேமித்து வைக்கலாம். ஊருக்கெல்லாம் அனுப்பலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பார்வையற்றவர்கள், வேறு குறைபாடு உள்ளவர்கள் படிக்கும் வடிவத்தில் மாற்றிக் கொடுக்கத் தனி விலக்கு இருக்கிறது. இதைப் பயன்படுத்துகிற சின்ன நூலகம் எதையும் நான் பக்கத்தில் பார்க்கவில்லை, பார்க்க ஆசை. தமிழுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் நாட்டுடைமை. பாரதியார் எழுத்துகளை 1949-ல் அரசு வாங்கியதில் தொடங்கி, குடும்பத்துக்குப் பணம் கொடுத்து எழுத்துகளைப் பொதுவாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் தொடர்கிறது. அறுபது வருடம் காத்திருக்காமல் வலையேற்ற முடிகிற தமிழ் நூல்கள் இவ்வளவு கிடைப்பது அதனால்தான்.

புதுப் புத்தகங்களின் கதை வேறு மாதிரி. 2016 கடைசியில் அமேசானின் மின்னூல் கடையான கிண்டில் தமிழ், மலையாளம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. வாங்குகிற ஆளுக்கு வசதிதான். நூலகத்துக்கு? அச்சுப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் அட்டை கிழிகிற வரை நூறு பேருக்குக் கொடுக்கலாம். மின்னூல் அப்படியில்லை, கிடைப்பது உரிமம், புத்தகம் கிடையாது. 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், 26 தடவை இரவல் கொடுத்ததும் நூலகம் மறுபடி காசு கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தது. தன்னிடம் இருக்கிற அச்சுப் பிரதியைப் பூட்டி வைத்துவிட்டு அதன் ஸ்கேனை ஒருவருக்கு ஒன்றாக இரவல் கொடுத்த அமெரிக்க இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது பெரிய பதிப்பகங்கள் 2020-ல் வழக்குப் போட்டன. 2023-ல் கீழ் கோர்ட்டிலும் 2024-ல் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. அமெரிக்க வழக்குதான், ஆனாலும் இரவல் என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறிக்கொண்டிருக்கிறது என்பது புரிகிறது. எங்கள் வாயனசாலையில் அட்டை பிய்ந்து கோந்து போட்டு ஒட்டிய புத்தகங்களைப் பார்க்கும்போது, இதெல்லாம் 26-ஐ எப்போதோ தாண்டியிருக்குமே என்று தோன்றும்.

இடமும் மாறிவிட்டது. பேப்பர் படிக்க வந்த கூட்டம் செல்போனுக்குப் போய்விட்டது, பெரியவர்கள் மட்டும் மிச்சம். அந்தப் பெஞ்சுகளில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். இங்கே பி.எஸ்.சி, பொள்ளாச்சிப் பக்கம் போனால் டி.என்.பி.எஸ்.சி. நூலகத்தின் ஒரு புத்தகத்தைக் கூடத் தொட மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மேஜை, ஃபேன், வைஃபை, சார்ஜ் போட ஒரு பிளக். "இது லைப்ரரியா, டியூஷன் சென்டரா" என்று கமிட்டியில் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வீட்டில் ஒரே அறை, அதில் டிவி ஓடுகிறது; காசு கேட்காமல் உட்கார விடுகிற இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? ஒரு குறை மட்டும் உண்டு. அவர்களுக்காக கைடு வாங்கி வாங்கிக் கதைப் புத்தகத்துக்கு நிதி மிஞ்சுவதில்லை. கைடு இரண்டே வருடத்தில் பழசாகிறது.

லைப்ரேரியன் வேலையும் மாறியிருக்கிறது. மழைக்காலத்தில் பென்ஷன்காரர்கள் ஆதார் நம்பரோடு வந்து நிற்கிறார்கள். "இந்த மெசேஜ் நிஜமா, ஏமாத்து வேலையா, பாத்துச் சொல்லு சேச்சி" என்று போனை நீட்டுகிறார்கள். அப்புறம் பழைய வேலையும் நிற்கவில்லை. வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் புத்தகத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் கேரள வாயனசாலைகளில் உண்டு. தோளில் பையோடு சேச்சி வாரத்தில் இரண்டு நாள் நடக்கிறார். யாருக்குப் பேய்க்கதை, யாருக்குச் சரித்திரம், எந்தப் பாட்டிக்குத் தமிழ் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனசில். இன்ன புத்தகம் பிடித்தால் இன்னதும் பிடிக்கும் என்று இணையக் கடைகள் சொல்கிற வேலைதான், ஆனால் அந்த வீட்டில் யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் என்று தெரிந்துகொண்டு செய்வது.

இதற்கெல்லாம் கட்டிடம் கூட வேண்டாம் என்று காட்டிய இடம் இடுக்கியில் இருக்கிறது. மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள், முதுவர் பழங்குடிகள் வாழும் இடமலக்குடி. அங்கே சின்னத்தம்பி என்பவர் தன் டீக்கடையிலேயே 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் எழுதினார். மண் குடிசை, சாக்குப் பைகளில் புத்தகம், இரவல் எழுத ஒரு நோட்டு. நோட்டில் யார் எதை எப்போது எடுத்தார் என்பது ஒழுங்காக இருந்தது. இரவல் போன புத்தகங்களில் சிலப்பதிகாரமும் ஒன்று. சேர நாட்டு இளங்கோ எழுதியது சேர மலையிலேயே டீயோடு இரவல் போனதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. நூலகத்துக்கு அடிப்படையாக எது வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்த நோட்டைத்தான் சொல்வேன்.

அந்த நோட்டு இன்னும் பல வருடம் இருக்கும், நம் ஃபைல்கள் இருக்குமா? 2003 வாக்கில் தெரிந்த ஒரு சங்கத்தில் பழைய மலர்களை எல்லாம் சி.டி-யில் ஏற்றினார்கள், விழா எடுத்து வெளியிட்டார்கள். போன மாதம் அதைத் திறக்க ஊரில் ஒரு சி.டி டிரைவ் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் கிடைத்தது, சி.டி படிக்கவில்லை. அச்சு மலர்கள் அப்படியே இருக்கின்றன, கொஞ்சம் செல்லரித்து. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களை வைத்துச் சென்னையில் 1994-ல் அமைந்த ஆராய்ச்சி நூலகம், பக்கங்களைப் பொடிப் படங்களாகப் பதிகிற மைக்ரோஃபிலிமில் நிறையப் பதிந்து வைத்தது. மைக்ரோஃபிலிம் என்றால் இன்றைக்குச் சிரிப்பு வரும், ஆனால் ஒரு லென்ஸும் வெளிச்சமும் இருந்தால் அதைப் படித்துவிடலாம். பனையோலைக்காரர்கள் எண்ணெய் தடவினார்கள், புகையில் வைத்தார்கள், ஓலை நைவதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். ஃபைலுக்கும் அதே கதிதான். சில வருடத்துக்கு ஒருமுறை புது இடத்துக்குப் பெயர்க்க வேண்டும், ஒன்றுக்கு மூன்று இடத்தில் வைக்க வேண்டும், அதற்கு வருடா வருடம் செலவு உண்டு. கமிட்டி பட்ஜெட்டில் 'கம்ப்யூட்டர் வாங்க' என்று ஒரு வரி இருக்கிறது. 'பெயர்த்து வைக்க' என்று ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்தேன், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது அலமாரிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகங்களை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய ஸ்டாக் ரிஜிஸ்டர் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். தலைப்பைத் தமிழில் போட்டு, 880-ல் மலையாள எழுத்திலும் கொடுத்து, மொழிக் குறியை டி-ஏ-எம் என்று மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஆகிறது. எதிர் வீட்டுப் பெண்ணும் வருகிறாள். இப்போது தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படிக்கிறாள், போன் கீபோர்டில் பார்த்துத் தட்டுகிறாள், மெதுவாகத்தான். போன வாரம் அவள் கைக்கு ஔவையார் பாடல் தொகுப்பு ஒன்று வந்தது. அட்டையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இது ஒரே எழுத்தா, ரெண்டு எழுத்தா மாமா?"

வாங்கிப் பார்த்தேன். எழுபதுகளின் அச்சு. அன்றைக்கு அச்சுக் கோத்தவரே ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பேற்றியிருப்பார் போல. நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தது.